ஒரு பாடவேளைக்கு எங்கள் வகுப்புக்கு வாருங்கள்

ஆசிரியர்களுக்கான தொழில்நுட்பப் பயிற்சிகளைத் திட்டமிடும் அதிகாரிகளுக்கும், அவற்றை நடத்தும் வளவாளர்களுக்கும்,

வணக்கம்.

வடகொழும்பில் ஒரு தமிழ்மொழிமூலப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். இருபத்திரண்டு வருடச் சேவை. வகுப்பறையில் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவது பற்றி இதுவரை ஐந்து செயலமர்வுகளுக்குப் போய்வந்துவிட்டேன். ஐந்து சான்றிதழ்களும் பிறப்புச் சான்றிதழ் இருக்கும் அதே கோப்பில் பத்திரமாக இருக்கின்றன. அந்த ஐந்திலும் படித்த எதையாவது மறுநாள் வகுப்பில் செய்தேனா என்றால், இல்லை. சோம்பல் என்று நினைக்கவேண்டாம். கணினியைக் கண்டால் பயமும் கிடையாது. படித்ததை வைத்து என்ன செய்வது என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

எந்தச் செயலமர்வு, யார் நடத்தியது என்று எழுதப்போவதில்லை. ஐந்தும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருந்தன.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். எட்டரைக்கு வரச் சொன்னார்கள். விளக்கேற்றி வரவேற்புரை முடிய ஒன்பதரை. நாற்பது பேரும் ஒரே நேரத்தில் வைஃபையில் ஏற, அது படுத்துவிட்டது. கடவுச்சொல்லை மறந்தவர்கள், மின்னஞ்சலே இல்லாதவர்கள், மகனுடைய மின்னஞ்சலோடு வந்தவர்கள் எல்லோரும் ஒருவழியாக உள்ளே நுழையப் பதினொரு மணி. இடையில் தேநீரும் ரோல்ஸும். (ரோல்ஸ் நன்றாக இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.) அப்புறம் வினாடிவினா ஒன்று செய்யப் பழக்கினார்கள். திரையில் வந்த மாதிரிக் கேள்வி: பிரான்சின் தலைநகர் எது? நான்கு நிறத்தில் நான்கு விடை, பின்னணியில் இசை. எல்லோரும் கைதட்டினோம்.

எனக்குப் பக்கத்தில் இருந்தவர் ஓய்வுபெற இரண்டு வருடமே இருக்கும் ஒரு டீச்சர். எழும்பிக் கேட்டார்: "தம்பி, இதை வச்சு நான் தரம் ஒன்பதுக்கு மின்சுற்று எப்படிப் படிப்பிக்கிறது?"

வளவாளர் நல்ல பிள்ளை. சிரித்துக்கொண்டே சொன்னார்: "அது உங்கட கையிலதான் இருக்கு மிஸ். பாடத்தில நீங்கதானே எக்ஸ்பர்ட்."

மரியாதையாகச் சொன்ன பதில்தான். ஆனால் ஒரு நாள் வகுப்புகளை யார் தலையிலோ கட்டிவிட்டு, இரண்டு பஸ் மாறி, நாங்கள் அங்கே போனது அந்தக் கேள்விக்குத்தான். பொத்தான்களை எங்கள் வீட்டுப் பிள்ளைகளே காட்டித் தருவார்கள்.

கல்வி டிப்ளோமா படித்த காலத்தில் லீ ஷுல்மன் என்ற அமெரிக்கப் பேராசிரியரைப் பரீட்சைக்காகப் பாடமாக்கினோம். பாடம் தெரிந்திருப்பது ஒன்று, படிப்பிக்கத் தெரிந்திருப்பது ஒன்று, இரண்டும் கலந்த மூன்றாவது அறிவு ஒன்றும் ஆசிரியருக்கு வேண்டும் என்று 1986இல் எழுதியவர். ஒரு பாடத்தில் பிள்ளை எந்த இடத்தில் தடுக்கி விழும், அங்கே எந்த உதாரணம் கைகொடுக்கும் என்று தெரிந்திருப்பதுதான் அந்த மூன்றாவது. 2006இல் புன்யா மிஷ்ரா, மத்தியூ கோலர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதோடு தொழில்நுட்பத்தையும் சேர்த்தார்கள். பாடம், படிப்பித்தல், தொழில்நுட்பம் என்ற மூன்று வட்டங்கள் ஒன்றையொன்று வெட்டும் படம். பரீட்சையில் அதைக் கீறி, பெயர் குறித்து, புள்ளியும் வாங்கியிருக்கிறேன். நடுவில் மூன்றும் சேரும் அந்தச் சின்னத் துண்டில் என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கியது வெகுகாலம் கழித்து, இரண்டு டோர்ச் பல்புகளால். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் 2020. மார்ச் நடுவில் கொரோனாவால் பாடசாலைகளைப் பூட்டினார்கள், அடுத்த வாரமே ஊரடங்கு. அப்போது செயலமர்வு நடத்த யாருக்கும் நேரம் இல்லை. நானே வட்ஸ்அப் குரூப் ஒன்றைத் தொடங்கி, கையில் இருந்த பயிற்சித்தாளை அனுப்பினேன். பத்து நிமிடத்தில் ஒரு தாய் அழைத்தார்: "மிஸ், இது இங்கிலீசும் இல்ல, தமிழும் இல்ல. பிள்ளை என்னத்தை வாசிக்கிறது?"

பாமினி. தமிழில் தட்டச்சுச் செய்து பழகியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று அடிக்க எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஐந்து விசைகளைத் தட்டவேண்டும். கணினி சேமித்து வைப்பதும் அந்த ஆங்கிலக் குறிகளைத்தான். பாமினி அவற்றுக்குத் தமிழ் முகமூடி போட்டுக் காட்டும். பாமினி இல்லாத போனில் முகமூடி கழன்றுவிடும். அந்தத் தாய் பார்த்தது முகமூடி கழன்ற பயிற்சித்தாளை. யுனிகோடில் தமிழுக்கென்றே தனி இலக்கங்கள் உண்டு, உலகம் முழுக்க அவைதான், எந்தப் போனிலும் தமிழ் தமிழாகவே வரும். வேர்ட் கோப்பாக அனுப்பாமல் பீடிஎஃப் ஆக்கி அனுப்பியிருந்தாலும் தப்பியிருப்பேன். இரண்டுமே அப்போது எனக்குத் தெரியாது.

கணினி படித்தவர்களுக்கு இது அரிச்சுவடி. ஆனால் எங்கள் ஆசிரியர் அறையில் பாதிப்பேரின் பல வருட வினாத்தாள்கள் இன்றும் பாமினியில்தான் கிடக்கின்றன. அவற்றில் ஒரு சொல்லைத் தமிழில் தேட முடியாது. கூகிள் படிவத்தில் ஒட்டினால் குப்பையாக வரும். 'உங்கள் பழைய கோப்புகளைப் பென் டிரைவில் கொண்டுவாருங்கள், யுனிகோடுக்கு மாற்றித் தருகிறோம், இனிமேல் யுனிகோடில் அடிக்கவும் பழக்குகிறோம்' என்று ஐந்து செயலமர்வுகளில் ஒன்றாவது சொல்லியிருந்தால், பிரான்சின் தலைநகரை மன்னித்திருப்பேன். மாற்றும் கருவி இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. அதை எனக்குக் காட்டித் தந்தது போட்டோகொப்பிக் கடைப் பையன்.

அந்தக் காலத்தில் இன்னொன்றும் படித்தேன். ஊரடங்கு தளர்ந்து, பாடசாலை மட்டும் திறக்காமல் இருந்த நாட்களில், காலையில் அனுப்பும் வேலைக்கு இரவு ஒன்பது மணிக்குப் பிறகுதான் பதில்கள் வரும். முதலில் கோபம் வந்தது. பிறகுதான் தெரிந்தது, அந்த வீடுகளில் இருப்பது ஒரே ஒரு போன், அது ஆட்டோ ஓட்டும் அப்பாவோடு காலையிலேயே போய்விடுகிறது. சூம் இலவசக் கணக்கு நாற்பது நிமிடத்தில் அறுந்துவிடும். அப்போது எங்கள் பாடவேளையும் நாற்பது நிமிடம், யாரோ கணக்குப் பார்த்துச் செய்தது போல. அதில் "கேக்குதா மிஸ், கேக்குதா" போக மிஞ்சுவது இருபது. பொருளாதார நெருக்கடி வந்த 2022 இன்னும் மோசம். கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனது. சரி, தாள் இல்லாவிட்டால் திரையில் பார்ப்போம் என்றால், மார்ச் கடைசியில் மின்வெட்டு பதின்மூன்று மணிநேரம் வரை போனது. அந்த வருடம் கரும்பலகையைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

யூடியூபில்தான் தமிழ்க் காணொளிகள் நிறைய இருக்கின்றனவே, போட்டுக் காட்டலாமே என்று கேட்பீர்கள். காட்டினேன். ஒளித்தொகுப்புக்கு அழகான ஒரு காணொளி, தமிழ்நாட்டில் செய்தது. அதில் ஒளிச்சேர்க்கை என்றார்கள், ஆக்சிஜன் என்றார்கள், கார்பன் டை ஆக்சைடு என்றார்கள். எங்கள் பாடப்புத்தகத்தில் ஒளித்தொகுப்பு, ஒட்சிசன், காபனீரொட்சைட்டு. அங்கே செல், இங்கே கலம். அங்கே எலக்ட்ரான், இங்கே இலத்திரன். அடுத்த பரீட்சையில் ஒரு பிள்ளை, தாவரம் ஒளித்தொகுப்பு, ஒளிச்சேர்க்கை என இரண்டு வேலைகளைச் செய்கிறது என்று எழுதியிருந்தாள். பிழை அவளுடையதா? (தமிழ்நாட்டுச் சொல்லைக் குறைசொல்லவில்லை. ஆக்சிஜனும் ஒட்சிசனும் ஒரே காற்றில்தான் இருக்கின்றன.) இப்போது செயற்கை நுண்ணறிவிடம் கேள்வி தயாரிக்கக் கேட்டாலும் எனக்கு நடப்பது இதுதான். கேள்வி பரவாயில்லை, சொல் நம்முடையது இல்லை, உட்கார்ந்து திருத்தவேண்டும். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளமும், கல்வி வெளியீட்டுத் திணைக்களம் இணையத்தில் இலவசமாகத் தரும் பாடப்புத்தகங்களும் இந்த விஷயத்தில் பெரிய உதவி. மற்றக் காணொளிகளை ஒலியை நிறுத்திவிட்டுப் போட்டு, கதையை நானே சொல்லப் பழகிவிட்டேன். அந்தக் காலத்து ஊமைப்படம் மாதிரி. பிள்ளைகளுக்கும் அது பிடித்திருக்கிறது, ஏனென்றால் நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்கலாம்.

சரி, இனி அந்தப் பல்ப் கதை.

இரண்டு பல்புகளைத் தொடர்நிலையில், அதாவது ஒரே பாதையில் ஒன்றன்பின் ஒன்றாக, இணைக்கும் பாடம். வருடா வருடம் பிள்ளைகள் ஒரே இடத்தில்தான் விழுவார்கள். முதலாவது பல்ப் மின்னோட்டத்தில் கொஞ்சத்தைத் தின்றுவிடும், மிச்சம்தான் இரண்டாவதுக்குப் போகும், ஆகவே முதலாவதுதான் அதிகப் பிரகாசமாக எரியும் என்பார்கள். நான் அப்படி இல்லை என்பேன். கொப்பியில் எழுதுவார்கள். பரீட்சையிலும் சரியாக எழுதுவார்கள். மனதுக்குள் மட்டும் முதல் பல்ப் தின்றுகொண்டே இருக்கும்.

கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஃபெட் என்றொரு திட்டம் இருக்கிறது. பௌதிகவியலில் நோபல் பரிசு வாங்கிய கார்ல் வீமன் 2002இல் தொடங்கியது. மின்கலம், கம்பி, பல்ப் எல்லாவற்றையும் திரையில் இழுத்துப் போட்டுச் சுற்று அமைக்கலாம், இலத்திரன்கள் நீலப் புள்ளிகளாக ஓடுவதைப் பார்க்கலாம். காசு இல்லை. ஒருமுறை இறக்கிவைத்தால் இணையமும் வேண்டியதில்லை. இப்படிப் பல பாடங்களுக்கு இருக்கின்றன, சிலவற்றுக்குத் தமிழ்ப் பெயர்ப்பும் உண்டு. எனக்கு இதைச் சொன்னவர் கூடப் படிப்பிக்கும் ஒரு டீச்சர், தேநீர் இடைவேளையில்.

முதல் நாள் அதை வகுப்புக்குக் கொண்டுபோய் மானம் போனது. லப்டொப்பில் சுற்று தெரிகிறது, சுவரில் வெறும் நீலம். பத்து நிமிடம் வயரைக் கழற்றிக் கழற்றி மாட்டினேன். பின்வாங்கில் இருந்து ஒருவன், "மிஸ், விண்டோஸ் கீயோட பீயை அமத்திப் பாருங்க" என்றான். அமத்தினேன், வந்தது. போன தவணை விஞ்ஞானத்துக்கு முப்பத்தொரு புள்ளி எடுத்தவன் அவன். அன்றிலிருந்து புரொஜெக்டர் அவன் பொறுப்பு. வந்ததும் நான் ஒவ்வொன்றாகச் செய்து காட்டினேன். பிள்ளைகள் 'ஆ' என்றார்கள், மணி அடித்தது. ஒருவரும் ஒன்றும் படிக்கவில்லை, படம் பார்த்தார்கள்.

அடுத்த கிழமை திரையை அணைத்துவைத்துவிட்டு முதலில் கேள்வியைக் கேட்டேன். எந்தப் பல்ப் கூடப் பிரகாசம்? கையை உயர்த்தச் சொன்னால் எல்லோரும் வகுப்புத் தலைவியைப் பார்த்துத்தான் உயர்த்துவார்கள். அதனால் ப்ளிக்கர்ஸ் அட்டைகளை எடுத்தேன். பிள்ளைக்கு ஒரு கடதாசி அட்டை, அதன் நான்கு பக்கமும் நான்கு விடை. தனக்குச் சரியென்று படும் விடை மேலே வரும்படி பிடிக்கவேண்டும். என் போன் கமராவை வகுப்பின் மேல் ஒரு சுற்று ஓட்டினால், யார் எதைச் சொன்னார் என்று வந்துவிடும். ஓர் அட்டை போல மற்றது இல்லாததால் பார்த்தடிக்க வழியில்லை. பிள்ளைகளிடம் போன் இருக்கவேண்டிய அவசியமும் இல்லை. கொட்டாஞ்சேனையில் பிரதியெடுத்து, மட்டையில் ஒட்டியதுதான் செலவு.

பாதிக்கு மேல் 'முதலாவது' என்றே பிடித்திருந்தார்கள். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பிள்ளையின் அட்டை மட்டும் ஜன்னலோரத்தில் சரியாக நின்றது. அவளுக்குப் பாடம் ஏறவில்லை என்று அவ்வளவு காலமும் நினைத்துக்கொண்டிருந்தவள் நான்.

திரையைப் போட்டேன். இரண்டு பல்பும் ஒரே அளவு. நீலப் புள்ளிகள் எல்லா இடத்திலும் ஒரே வேகம். அமைதி. சரி, இனி நிஜமாகவே செய்து பார்ப்போம் என்று, புறக்கோட்டையில் வாங்கிவந்த இரண்டு டோர்ச் பல்புகளையும் உலர்மின்கலங்களையும் மாட்டினேன். முதலாவது பளிச்சென்று எரிந்தது. இரண்டாவது மங்கல். 'தின்னும்' கட்சிக்காரர்கள் மேசையில் தட்டி ஆரவாரம். அதற்குள் ஒருத்தி கேட்டாள்: "மிஸ், கொம்பியூட்டர் பொய் சொல்லுதா, பல்ப் பொய் சொல்லுதா?"

எனக்கு வியர்த்துவிட்டது. உடனே பதில் வரவில்லை. புரொஜெக்டர் பொறுப்பாளன்தான் காப்பாற்றினான்: "ரெண்டையும் இடம் மாத்திப் போடுங்க மிஸ்." மாற்றினோம். பிரகாசமான பல்ப் இரண்டாவது இடத்திலும் பிரகாசமாகவே எரிந்தது. அப்படியென்றால் விஷயம் இடத்தில் இல்லை, பல்பில். கழற்றி உலோகக் கழுத்தைப் பார்த்தால், பொடி எழுத்தில் ஒன்றில் ஒரு வோல்ட்டளவு, மற்றதில் வேறு. கடைக்காரர் கையில் அகப்பட்ட இரண்டைப் போட்டுத் தந்திருக்கிறார், நானும் பார்க்காமல் வாங்கியிருக்கிறேன். திரையில் இருந்தவை அச்சொட்டான இரட்டையர், புறக்கோட்டைப் பல்புகள் ஒன்றுவிட்ட சகோதரர்கள். ஒரே மின்னோட்டம் ஓடும்போது ஏன் ஒன்று கூடவும் மற்றது குறையவும் எரிகிறது என்று கேட்டுக்கொண்டு 'தடை' என்ற பாடம் தானாகவே வந்து வாசலில் நின்றது. மணி அடித்தும் ஒருவரும் எழும்பவில்லை என்று எழுத ஆசைதான். எழும்பி ஓடிவிட்டார்கள், அது இடைவேளை. ஆனால் நான்கு பேர் பல்புகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள்.

வட்டங்களின் நடுத்துண்டு எனக்கு விளங்கியது அன்றைக்குத்தான். அந்த மென்பொருளைத் திறக்க ஐந்து நிமிடத்தில் யாரும் பழகிவிடலாம். எப்போது திரையை அணைத்துவைப்பது, எதை முதலில் கேட்பது, திரைக்குப் பிறகு நிஜப் பல்பை ஏன் மாட்டவேண்டும் என்பதற்கு எனக்கு ஒரு தோல்வியும் ஒரு கிழமை யோசனையும் தேவைப்பட்டன. உங்கள் செயலமர்வில் இல்லாதது அந்தப் பகுதிதான்.

எங்கள் பக்கத்திலும் பிழை இருக்கிறது, மறைக்கவில்லை. கரும்பலகையில் எழுதுவதை அப்படியே சிலைட்டில் எழுதி, அதைப் பார்த்து வாசித்துவிட்டு, 'தொழில்நுட்பத்தோடு படிப்பித்தேன்' என்று பாடக்குறிப்பில் பதிகிறவர்கள் நாங்கள். வசதி இல்லை என்ற சாட்டுக்குள் ஒளிந்துகொள்வதும் உண்டு. நான் பார்த்த ஒரு ஸ்மார்ட் போர்ட் வருடம் முழுக்க உறைக்குள் இருந்து, வாணி விழாவுக்குச் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டு, பிறகு மறுபடி உறைக்குள் போனது. பழுதாகிவிட்டால் யார் பொறுப்பு என்ற பயம். அந்தப் பயத்தைப் போக்க ஒரு சுற்றுநிருபம் போதும்: பாவித்ததால் பழுதான கருவிக்கு ஆசிரியரிடம் விளக்கம் கேட்கக்கூடாது என்று. பாவிக்காத கருவிக்கு வேண்டுமானால் விளக்கம் கேளுங்கள்.

ஆகவே கேட்பது இதுதான். அடுத்த தடவை எங்களை அழைக்கும்போது மென்பொருளின் பெயரைத் தலைப்பில் போடாமல் ஒரு பாட அலகின் பெயரைப் போடுங்கள். 'தரம் 9, மின்சுற்று' என்று போட்டால் விஞ்ஞான ஆசிரியர்கள் மட்டும் வருவோம், எங்கள் பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்ற பட்டியலோடு வருவோம். தமிழ் வகுப்புகளுக்கு வரும் வளவாளர் பாமினியும் யுனிகோடும், கலமும் செல்லும் தெரிந்தவராக இருக்கட்டும். மண்டபத்தில் ஒரு முழு நாள் வேண்டாம், அரை நாள் போதும். இரண்டு கிழமை வகுப்பில் செய்து பார்த்துவிட்டு மறுபடி கூடுவோம், அந்த மிச்ச அரை நாளுக்கு. அதில் ஒவ்வொருவரும் தனக்கு எங்கே சறுக்கியது என்று சொல்லட்டும். எனக்கு நீலச் சுவர் வந்த கதையை நான் முதலில் சொல்கிறேன். புகைப்படம் எடுப்பதை அன்றைக்கு மட்டுமாவது விட்டுவிடுங்கள், கமரா இருந்தால் யாரும் சறுக்கியதைச் சொல்லமாட்டார்கள்.

அதற்கு முன்னால் உங்களில் ஒருவர் எங்கள் வகுப்புக்கு வரவேண்டும். மேற்பார்வைக்கு வரவேண்டாம், படிவத்தை விட்டுவிட்டு வாருங்கள். வியாழக்கிழமை மூன்றாம் பாடவேளை, தரம் 9, அடுத்து சமாந்தர இணைப்பு. எந்தப் பாடசாலை என்பதைக் கேட்பவருக்குத் தனியே சொல்கிறேன். பின்வாங்கில், புரொஜெக்டர் பொறுப்பாளனுக்குப் பக்கத்தில், ஓர் இடம் இருக்கிறது. இந்தமுறை பல்புகளின் கழுத்தைப் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறேன்.

ஒரு சின்ன விஷயம். எங்கள் வகுப்புச் சுவரில் இருப்பது உருண்டைத் துளை பிளக் பொயின்ட், புரொஜெக்டர் வயரில் இருப்பது சதுர முள். என்னிடம் இருந்த அடப்டர் போன கிழமை உருகிவிட்டது. வரும்போது ஒன்று கொண்டுவந்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
விஞ்ஞான ஆசிரியை ஒருத்தி,
வடகொழும்பு